இரண்டு பேர் குப்பை

முப்பத்தாறு வருஷமாக என் பேச்சை ஒரு நாளும் முழுதாகக் கேட்டிராத, ஆனாலும் என்னை என்னைவிட நன்றாக அறிந்த என் மனைவிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், சமையலறைக் குழாயும், உன் அலமாரியும் நலம். அங்கே மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் உன் மூச்சு நலமா என்று அறிய ஆவல்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் "எப்படி இருக்கே" என்று கேட்டு முடிப்பதற்குள் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். மகள் சாப்பிட்டீங்களாப்பா என்கிறாள், பேத்தி போனை வாயில் வைத்துக் கடிக்கிறாள், பின்னால் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுகிறார். இத்தனை பேர் நடுவில் கட்டின பெண்டாட்டியிடம் ஒருவன் என்னதான் பேசுவான்? கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. கண்ணாடியைக் காணோம் என்று மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லாதே, கண்ணாடி உன் தலையில்தான் இருக்கும்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். நம் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் குப்பைப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா? ஒன்று என்றால் பெரிய பச்சை வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒற்றை ஆள் வாளி என்று குழந்தை மணல் வாரி விளையாடும் அளவில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறு அவசரம் ஒன்றுமில்லை. நீ அங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. மாத முடிவுக்குள் படிவம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ போனது பத்து நாள் கணக்கில். ஊர்க்கோடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு, புகை ஜன்னல் வழியாக நுழைந்து, நீ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறியது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. புகை நிற்கும் வரை அம்மா இங்கே இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் உன்னோடு வந்தேன், நாலு நாள் மகள் வீட்டு ஹாலில் படுத்தேன், மாப்பிள்ளை என் காலில் தடுக்கி இரண்டு முறை விழுந்தார், மரியாதையாகக் கிளம்பி வந்துவிட்டேன். அந்தப் பத்து நாள் இன்றோடு பதினொரு மாதம். மேட்டில் ஒரு பக்கம் அணைத்தால் மறுபக்கம் புகைந்தது. கடைசியில், எல்லாவற்றையும் கலந்து கட்டி அனுப்புவதால்தான் இந்த வினை, மக்குவதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் அது எருக்கிடங்குக்குப் போய்விடும், மேட்டுக்குப் போவது குறையும், புகையும் அடங்கும் என்று சொல்லி வீட்டுக்கு மூன்று வாளி கொடுத்தார்கள். மக்குவதற்குப் பச்சை, காய்ந்ததற்கு நீலம், ஆபத்தானதற்குச் சிவப்பு. இதற்காகக் கூட்டிய கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்தான். குடியிருப்புச் செயலாளரே என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் குப்பைமேல் என்ன அப்படி ஒரு ஆசை? புகை நின்றால் நீ வருவாய்.

ஆனால் கை தூக்குவது சுலபம். காலை ஆறரைக்கு விசில் ஊதிக்கொண்டு வண்டி தள்ளி வரும் அம்மாளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். எல்லோரும் விசிலம்மா என்கிறார்கள். முதல் வாரத்தில் மூன்று முறை என் வாளியை வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். மாத்திரை அட்டையைப் பச்சையில் போட்டிருந்தேன், வெங்காயத் தோல் காய்ந்துதானே இருக்கிறது என்று நீலத்தில் போட்டிருந்தேன், உடைந்த கண்ணாடி டம்ளர் எந்த நிறத்துக்குச் சேரும் என்று தெரியாமல் நாலு நாள் சமையல் மேடையிலேயே வைத்திருந்து அதிலேயே விரலைக் கீறிக்கொண்டேன், சின்னக் கீறல்தான், பதறாதே. பிறகு எருவை நாமே செய்வோம் என்று பால்கனியில் ஒரு துளை போட்ட வாளி வைத்தேன். செய்முறைத் தாளில் 'காய்ந்த இலை ஒரு அடுக்கு' என்று இருந்தது, அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் அதிலிருந்து பழுப்பாக ஒரு நீர் சொட்டி, நேர் கீழே கீழ்வீட்டு டீச்சர் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்று வெளுத்து உலர்த்தியிருந்த வெள்ளைப் புடவையில் வரிசையாக விழுந்திருக்கிறது. டீச்சர் மாடிக்கு வந்து சத்தம் போடவில்லை. புடவையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். சத்தம் போட்டிருக்கலாம்.

இதற்கு நடுவில் உன் சீப்பு கிடைத்தது. அலமாரியைத் துடைக்கும்போது பின்பக்கம் விழுந்து கிடந்தது, அதில் உன் முடி நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தது. முடி மக்குமா என்று விசிலம்மாவிடம் கேட்டேன். மக்கும், ஆனால் ரொம்ப நாளாகும் என்றார். நான் சீப்பை அப்படியே எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அப்புறம் எடை போட ஆரம்பித்தார்கள். முப்பத்து நாலு வருஷம் ஆலை வாசல் எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக எடை பார்த்தவன், எனக்கா எடையைக் கண்டு பயம்? ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் என்று அளவு வைத்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பலகை மாட்டி வாரா வாரம் எழுதினார்கள். மேல்வீட்டில் ஐந்து பேர், அவர்கள் பச்சை மையில். நம் வீட்டில் ஒரே ஆள், நாள் சராசரி அறுநூற்று நாற்பது கிராம், சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு வேறு. நான் விசிலம்மாவின் தராசைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். நம் வீட்டு அரிசிப் பொட்டலத்தை வைத்து அதைச் சோதித்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அறுநூற்று அறுபது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளரும் டீச்சரும் கதவைத் தட்டினார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. செயலாளர் கழுத்தை நீட்டி உள் அறையைப் பார்த்தார், பிறகு சமையல் மேடையில் கவிழ்த்திருந்த இரண்டு தட்டைப் பார்த்தார், இரண்டு டம்ளரைப் பார்த்தார். அம்மா ஊரில் இல்லையே, ஆனால் குப்பை இரண்டு பேர் குப்பையாக வருகிறதே, வேறு யாராவது தங்கியிருக்கிறார்களா என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்தில் தலையில் மிச்சமிருக்கும் முடியும் எழுந்து நின்றது. இந்த வயதில், என்னைப் பார்த்து, இந்தக் கேள்வி. பீரோவைத் திறந்து காட்டட்டுமா, கட்டிலுக்கு அடியில் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ரெண்டாவது டம்ளர் டீயை யாரு சார் குடிக்கிறாங்க?"

"யாரும் குடிக்கிறதில்ல," என்றேன். "ஆறிப்போகும். அப்புறம் ஊத்திடுவேன்."

செயலாளர் தன் செருப்பைத் தேடினார், அது அவர் காலிலேயே இருந்தது.

அவர்கள் போன பிறகுதான் எனக்கே விளங்கியது. உன் அளவுக் குவளையால் இரண்டு குவளை அரிசி. அப்படித்தான் நீ கை காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாய், அப்படித்தான் போடுகிறேன். இரண்டு பேருக்குக் கறி, இரண்டு பேருக்கு டீ, இரண்டு வாழைப்பழம், அதில் ஒன்று கறுத்துப்போகும் வரை உனக்காகக் காத்திருக்கும். இத்தனை மாதமாக உன் பங்கைச் சமைத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவே இல்லை. சரி, வீணாக்கக் கூடாது என்று உன் பங்கையும் நானே சாப்பிட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் வயிறு என்னைப் படுக்கப் போட்டுவிட்டது. பிறகு ஒரு யோசனை செய்தேன், அதை எழுத வெட்கமாக இருக்கிறது. காலை நடைக்குப் போகும்போது உன் பங்கைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஐந்து நாள் ஒருவருக்கும் தெரியாது. பலகையில் நம் வீடு முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது, மாடிப்படியில் மார்பை நிமிர்த்தி ஏறினேன்.

ஆறாம் நாள் விசிலம்மா ஐந்து பொட்டலத்தையும் வண்டியில் வைத்துக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். அந்தத் தெருவும் அவர் பொறுப்புதானாம். சரி, தெருவில் நூறு வீடு இருக்கிறது, இவை என்னுடையவை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் விடவில்லை. அவர் ஒரு பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். பொட்டலம் கட்டினால் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம், என் கை என்னைக் கேட்காமலே செய்திருக்கிறது. தேதி, நேரம், நிகர எடை முந்நூற்று முப்பது கிராம், கீழே என் முழுக் கையெழுத்து. திருடப் போனவன் முகவரி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ அங்கே சிரிப்பது எனக்குக் கேட்கிறது, சிரி.

ஆனால் விசிலம்மா சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, அந்தப் பொதுத் தொட்டியில எல்லாம் கலந்துதான் கிடக்கும். அது நேரா மேட்டுக்குத்தான் போகுது. புகை நின்னா அம்மா வந்துடுவாங்கன்னு என்கிட்ட தினமும் சொல்றீங்க. அம்மா பங்குச் சோத்தை நீங்களே அங்க அனுப்பி எரிய விடுறீங்களே."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். எடைமேடையில் இருந்த காலத்தில் எத்தனை லாரிக்காரர்கள் என்னை ஏமாற்றப் பார்த்திருப்பார்கள், ஒருவனும் இப்படி என்னை உட்கார வைத்ததில்லை. நீ வர வேண்டும் என்று இரண்டு பேருக்கு வடித்தேன். அதுவே உன்னை வரவிடாமல் அங்கே புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒரு குவளை அரிசி போட்டேன். அது சொல்வது போல் லேசில்லை. கை இரண்டாவது குவளைக்குத் தானாகப் போகிறது, அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுத்த வாரம் இருநூற்று எழுபது கிராம், பச்சை மை, செயலாளர் வந்து கை குலுக்கினார். அன்று வாளியைத் தூக்கினேன், கனமே இல்லை. எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். டீச்சர் நம்பவில்லை என்று நினைக்கிறேன், சாயங்காலம் ஒரு கோணி நிறையக் காய்ந்த இலை கொண்டுவந்து பால்கனி வாளிக்கு என்று வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் மட்டுமில்லை, நாலு தெருவும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறது. மேட்டுக்குப் போகும் வண்டி பாதியாகிவிட்டது. முன்பெல்லாம் தினமும் காலையில் ஜன்னல் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடும். இன்றோடு முப்பத்தொரு நாளாகத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. உலர்த்தின துணியில் சாம்பல் இல்லை. துணி வெளுத்த முதல் வாரமே டாக்டரிடம் போய்க் கேட்டேன், ஒரு மாதம் இப்படியே இருந்தால் அம்மா தாராளமாக வரலாம் என்றார். இன்று காலை துடைத்த கைக்குட்டையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

போன வாரம் போனில் மகள், அம்மா இனிமேல் இங்கேயே இருக்கட்டுமேப்பா என்றாள். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் நீ சும்மா இருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. பேத்தியை விட்டுவிட்டு வருவது கஷ்டம்தான், அவள் போனைக் கடிக்கும் சத்தம் கேட்டே எனக்கு மனசு இளகுகிறது, உனக்கு எப்படி இருக்கும். அதனால் நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். படிவத்துக்கு மட்டும் பதில் எழுது. ஒன்றா, இரண்டா?

மகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பும், தடுக்கி விழுந்ததற்கு இன்னொரு முறை வருத்தமும். பேத்தி பல் முளைத்து, போனை விட்டுவிட்டு வேறு எதையாவது கடிக்க ஆசிகள். உன் மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
ஒற்றை டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: எத்தனை நாள் வேணும்னாலும் இரு, அவசரமில்லைன்னு மேல எழுதியிருக்கேனே, அதையெல்லாம் அடிச்சுட்டுப் படி. படிவத்துக்குப் பதிலும் எழுத வேண்டாம். அதைப் போன மாசமே கொடுத்தாச்சு. கட்டத்துல ரெண்டுன்னுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய வாளி இங்கேயேதான் இருக்கு. அம்மா எப்ப வராங்கன்னு செயலாளர் கேட்டார், வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லிட்டேன். முப்பத்து நாலு வருஷத்துல நான் ஒரு கிலோ கூட்டியோ குறைச்சோ எழுதினதில்ல, உனக்கே தெரியும். என்னைப் பொய் எழுத வச்சிடாதே. வந்துடு.