பதியுதீன் வீட்டு அலை

யுத்தம் முடிந்த மறு வருஷம் கல்முனையில் பதியுதீன் தன் முற்றத்தில் பத்தடிக் குழாய் நட்டு, உச்சியில் ஒரு அன்டெனாவைக் கட்டினார். ரவுட்டர் முன்வீட்டில். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாததால் மகள் நதீராவும் பிள்ளையும் பின்வீட்டு அறையிலேயே. அங்கே வைஃபை எட்டவில்லை. கட்டாரில் இருந்த மருமகன் பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

அன்டெனா ஏறிய அன்றே வீடியோ அழைப்பில் பார்த்தான். பிள்ளை கொட்டாவி விட்டது. அவன் அழுதான்.

மறுநாள் பக்கத்து வீட்டு சல்மா உம்மா பிரதேச செயலகத்துக்குப் பெட்டிசம் எழுதினா: "இவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டு வளவுக்குள் அலை வருகிறது."

அலை என்ற சொல்லைக் கண்டதும் கடிதம் நேரே அனர்த்த அலைகள் பிரிவுக்குப் போனது. சுனாமி வந்த நாளில் அந்தப் பிரிவு இருக்கவில்லை. வந்து போன பிறகு மிகுந்த விழிப்போடு உருவாக்கப்பட்டது. உத்தியோகத்தர் அளவுநாடாவோடு வந்தார்.

"அலை எத்தின அடி உயரம்?"

"சேர், இது கண்ணுக்குத் தெரியாத அலை."

"தெரியாம வாறதுதான் ஆபத்து. எவ்வளவு தூரம் உள்ளுக்குப் போகும்?"

"சல்மா உம்மாட குசினி மட்டும்."

அந்தச் சமையலறைச் சுவரில், அலை எல்லையென்று, சிவப்புக் கோடு விழுந்தது. விசாரணை முடியும்வரை ரவுட்டரையும் நிறுத்தும்படி உத்தரவு.

"ஓஃப் பண்ணினா உடனே ஓய்ஞ்சிரும் சேர்."

"அண்டைக்குக் கடலும் உள்வாங்கி, ஓய்ஞ்ச மாதிரித்தான் கிடந்திச்சு. அன்டெனாவக் கழட்டுங்க, ஃபைல மூடலாம்."

அதற்குள், அலையால் பாதிக்கப்பட்டோருக்கு உலருணவு நிவாரணம் என்று ஊரில் கதை பரவிவிட்டது. விடிந்ததும் உத்தியோகத்தர் படிவக் கட்டோடு வர, பட்டியலில் பேர் பதிய முப்பது குடும்பம் வாசலில். பக்கத்து ஊர் பாண்டிருப்பிலிருந்து பூபாலசிங்கம் சைக்கிளில் வந்திறங்கினார். "அலைக்கு எல்லை தெரியுமா? எங்கட பக்கமும் அடிச்சதெண்டு போடுங்க."

"கழட்டுங்க வாப்பா," என்றாள் உள்ளேயிருந்து நதீரா. "ரவுட்டரையாவது போடுவம், நாப்பது பார்க்காம நான் முன்வீட்ட வாறன். அவர் புள்ளயப் பார்க்காம துடிக்கிறார்."

பதியுதீன் ஏணியில் கால் வைத்தார். முப்பது குடும்பமும் ஏணியைப் பிடித்தது.

"பதியுதீன் காக்கா, எங்கட வயித்தில அடிக்காதீங்க!" பெட்டிசம் எழுதிய சல்மா உம்மாவின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரியது. "அலை நிண்டா பட்டியல் நிண்டிரும். உங்கட பேரையும் போடச் சொல்றன், நான் சாட்சி."

 பதியுதீன் இறங்கி, உத்தியோகத்தரிடம் விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கினார். 'அலை வந்ததா?' என்ற கட்டத்தில், "ஓம், பலமாக" என்று எழுதினார்.