மரகதத்தின் வெறுங்கூடை

மரகதம் சாவதற்கு இன்னும் இரண்டு காட்சி இருக்கும்போதே அவள் கூடையில் கால்வாசிக் கொழுந்து சேர்ந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நின்ற இராமையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரகதமாக நடித்தவன் வீரய்யா. மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, இலங்கையின் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நடித்துக்கொண்டிருந்தான். நாடகத்தை எழுதிய இராமையா அதே தோட்டத்து ஆலையில் கொழுந்து வாட்டுகிறவன். பதுளைக்கு ரயில் வந்த அந்த வருஷம் டவுனில் ஒரு புதுமாதிரி நாடகம் பார்த்துவிட்டு, ராஜா ராணியெல்லாம் இனிச் செல்லாது என்று முடிவு கட்டியிருந்தான். அவனுடைய கதாநாயகி கொழுந்து பறிக்கிறவள். கூடை நிறையாததால் கங்காணி அவளுக்கு முழுப்பேர் போடாமல் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, போட்டுவிடுவான். மனமுடைந்து செத்துப்போவாள். வெறுங்கூடைதான் நாடகத்தின் உயிர்.

பெரிய கங்காணி அனுமதி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "சனம் அழுதா வருஷா வருஷம் போடு. சிரிச்சா இதோட விட்டுறணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேயிலைச் செடிகளின் ஓரமாகவே கொழுந்து பறிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரகதம் வெறுங்கூடையோடு கடந்துபோனபோது முன்னால் இருந்த கருப்பம்மா கைக்கெட்டிய கொழுந்தைக் கிள்ளிப் போட்டாள். பக்கத்தில் இருந்தவளும் போட்டாள். அப்புறம் யாரைக் குற்றம் சொல்ல?

இராமையா வீரய்யாவை இழுத்துக் கூடையைக் கொட்டினான். "கவுத்து மாட்டிக்கிட்டுப் போடா. எப்படிப் போடுறாங்கன்னு பார்ப்போம்."

கவிழ்த்த கூடையோடு மரகதம் வந்து நின்றாள்.

"ஐயோ பாவம், கூடைய எப்படி மாட்டுறதுன்னுகூட மறந்துபோச்சு" என்று இரண்டு பெண்கள் எழுந்து வந்து நிமிர்த்திக் கட்டி, கையோடு கொழுந்தும் போட்டுவிட்டுப் போனார்கள்.

மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவனுக்கு இதுவா மரியாதை? இராமையா தானே மேடைக்கு வந்துவிட்டான்.

"கொஞ்சம் கேளுங்க. இது வெறும் கூடை இல்ல. இதுதான் மரகதத்தோட வாழ்க்கை. இதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. அதைப் பார்த்து நீங்க அழணும். புரிஞ்சுச்சா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வாழ்க்கைங்கிறாரு. அப்ப இன்னும் ரெண்டு கை போடுங்கடி" என்றாள் கருப்பம்மா.

கடைசிக் காட்சியில் கூடை விளிம்புவரை நிறைந்திருந்தது. கங்காணி வேஷம் போட்ட நல்லையா அதைத் தராசில் மாட்டினான். முள்ளைப் பார்த்தான். திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"முழுப்பேர்" என்றான்.

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. விழுந்து சாக வேண்டிய மரகதம் திரைப்பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நான் இப்பச் சாகவா, வேணாமா?"

"செத்துத் தொலைடா" என்று கத்தினான் இராமையா.

அது கடைசி வரிசைவரை கேட்டது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரிய கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். திரையை இழுக்கச் சொல்லலாமென்று இராமையா திரும்பினால், கயிற்றைப் பிடித்திருந்த அவன் பெண்சாதி ராசம்மா தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக்கூட இந்த நாடகத்தில் அக்கறை இல்லை.

நேரே கருப்பம்மாவிடம் போனான்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே அக்கா. ஒருத்தி ஒத்தையா நின்னு பாடுபடுறாளேன்னு பார்த்து அழ வேண்டிய எடத்துல கொழுந்தைப் போடுறீங்க. ஒரு பொம்பளையோட துயரம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கருப்பம்மா கோபித்துக்கொள்ளவில்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டாள்.

"மெதுவாப் பேசு தம்பி, ராசம்மா முழிச்சுக்குவா. நீ நாடகம் எழுத ஆரம்பிச்சதுல இருந்து, ராப்பூரா உன் ஆளுங்களுக்கு ரொட்டி சுட்டுட்டு வந்து மலையில நின்னுக்கிட்டே தூங்குறா. அவளுக்கு அரைப்பேர் விழுந்துறக் கூடாதுன்னு அவ கூடையில போட்டுப் போட்டுத்தான் எங்களுக்கு இந்தக் கை பழகிப்போச்சு."