ஒப்புதல் பெற்ற அம்மா

இலக்கியத்தை வளர்ப்பது என்று கல்லூரி முடிவெடுத்தது. முடிவெடுத்தது புதன்கிழமை. வியாழக்கிழமை சுற்றறிக்கை வந்துவிட்டது.

"இளங்கலைத் தமிழிலக்கியம் இரண்டாமாண்டு பயிலும் மாணாக்கர் அறுபத்திருவரும் தலைக்கொரு வலைப்பூ தொடங்கி, 'தாய்' எனும் பொருளில் கட்டுரை வெளியிட்டு, பத்துக்குக் குறையாத பின்னூட்டங்கள் பெற்று, அனைத்தையும் அச்செடுத்து மூன்று படிகளாகத் துறையில் ஒப்படைக்க வேண்டியது. அக மதிப்பெண் இருபத்தைந்து."

இணையத்தில் எழுதியதைக் காகிதத்தில் எதற்குக் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. தர ஆய்வுக் குழு வருகிறது. குழுவுக்குக் காகிதம் வேண்டும். அவ்வளவுதான்.

அனுசுயாவுக்கு அந்த இருபத்தைந்து இல்லாமல் தீராது. அவள் அம்மா சின்னத்தாய்க்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியைத் திருப்பிப் பார்த்து நூல் பிசிறு வெட்டுவது. விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருஷம். மகளைக் கல்லூரியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டாள்.

"ஒரு பேப்பர்ல போச்சுன்னாலும் செக்கிங் டேபிளுக்கு வந்துரணும் புள்ள. எம்பக்கத்துல ஒரு ஸ்டூலு காலியாத்தான் கெடக்கு."

அம்மா வெறும் மிரட்டல் பேசுகிறவள் இல்லை. அந்த ஸ்டூலை அனுசுயா பார்த்திருக்கிறாள். ஒரு கால் ஆடும்.

மற்ற அறுபத்தொரு பேரும் போனிடம் "தாய் பற்றி எழுது" என்றார்கள். போன் எழுதியது. "இன்றைய அவசர உலகில் தாய் என்பவள் தன்னையே உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி." அறுபத்தொரு மெழுகுவர்த்தி. ஒருவருக்கொருவர் "அருமை", "சிறப்பு" என்று பின்னூட்டம் போட்டுக்கொண்டார்கள். பிற்பகல் படம் பார்க்கப் போனார்கள்.

அனுசுயாவின் போனில் டேட்டா தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவளே எழுதி, கல்லூரிக் கணினியில் ஏற்றினாள்.

"என் அம்மா தோசையைத் திருப்பி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தட்டில் போடுவாள். கோயிலுக்குப் போனால் முருகன் வேட்டியில் நூல் பிசிறு தெரிகிறதா என்று பார்ப்பாள். இடது கட்டை விரலில் எப்போதும் பிளாஸ்திரி. கத்திரி நூலை வெட்டும். சில நாள் விரலையும் வெட்டும்."

பின்னூட்டத்துக்கு அம்மாவின் டேபிளைத்தான் கேட்டாள். டீ நேரத்தில் பத்துப் பெண்கள் அம்மாவின் போனைச் சுற்றி நின்று படித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது செக்கிங். செய்தார்கள்.

டேபிளுக்கு மூத்தவள் மருதாள் போட்ட பின்னூட்டம் இது: "மூணாவது வரி லூசா தொங்குதுங் கண்ணு. புடிச்சுத் தைச்சா பாஸ்."

அனுசுயா மூன்றாவது வரியைப் பிடித்துத் தைத்தாள். கட்டுரை நன்றாகிவிட்டது. வினையும் அங்கேயே ஆரம்பித்தது.

துறைத் தலைவர் தீனதயாளன் நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் மச்சான் கம்பெனியில் சரக்குத் தரம் பார்ப்பார். அந்தப் பழக்கம் திங்கட்கிழமையும் போகாது. கல்லூரி அவருக்கு ஒரு மென்பொருள் வாங்கித் தந்திருந்தது. ஒரு கட்டுரை மற்றதோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும். விற்றவன் காப்பியைக் கண்டுபிடிக்க விற்றான். தீனதயாளன் அதை அளவு டேப்பாக எடுத்துக்கொண்டார்.

அனுசுயாவைக் கூப்பிட்டார்.

"அறுவத்தொண்ணும் தொண்ணூத்தாறு சதவீதம் ஒத்து வருது. உன்னோடது மூணு. என்ன கண்ணு இது?"

"நானே எழுதினதுங்க சார்."

"அதான் தெரியுதே. ஒரு லாட்டுல அறுவத்திரண்டு பீஸு. அறுவத்தொண்ணு ஒரே மாதிரி இருக்குது. ஒண்ணு மட்டும் வேற. எதை எடுத்துக் கீழ போடுவாங்க?"

"வேறயா இருக்கறதைங்க சார்."

"உங்கம்மா செக்கிங்குல்ல. உனக்கே தெரியுது." பின்னூட்டத் தாளைப் புரட்டினார். "லூசா தொங்குதுன்னு வேற எழுதியிருக்காங்க. இதைக் கொண்டுபோய்க் குழு முன்னால வெக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திப்போடு. இல்லைன்னா இருவத்தஞ்சுக்கு சைபருங் கண்ணு."

அனுசுயாவுக்கு ஸ்டூலின் ஆடும் கால் ஞாபகம் வந்தது. போனில் டேட்டா போட்டாள். தோசையை எடுத்தாள், பிளாஸ்திரியை எடுத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

டீ நேரத்தில் மருதாள் படித்துவிட்டுச் சின்னத்தாயிடம் கேட்டாள். "இது ஆரு அம்மாளாக்கும்? நம்ம டேபிள்ல இல்லியே."

"என்னையத்தான் எழுதியிருக்காளாம்."

"உருகறாப்பல தெரியலியே நீயி."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். மூவருக்கும் சால்வை, இளநீர். வலைப்பூக்களைக் காட்ட ஏற்பாடு செய்திருந்த கணினியில் இணையம் வரவில்லை. அதனால் குழுத் தலைவர் அச்சுப் படிகளைப் புரட்டினார். அதில் அனுசுயாவின் பழைய கட்டுரைதான் இருந்தது. மாற்றியதை அச்செடுக்கத் தாள் தீர்ந்துபோயிருந்தது. தாளுக்கு எழுதிய விண்ணப்பம் முதல்வர் மேசையில் இருந்தது.

பத்து மெழுகுவர்த்தி தாண்டியதும் தலைவருக்குக் கொட்டாவி வந்தது. பதினோராவதில் தோசை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான் எழுத்து. எல்லாரும் இதைப் போல எழுத வேண்டும்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சொன்னது குறிப்பேட்டில் ஏறியது. சனிக்கிழமை அடுத்த சுற்றறிக்கை.

"குழுவின் பரிந்துரைக்கிணங்க, வரிசை எண் பதினொன்றின் கட்டுரை ஒப்புதல் பெற்ற மாதிரியாக அறிவிக்கப்படுகிறது. மாணாக்கர் அனைவரும் இதைப் போலவே எழுதி, திங்கட்கிழமைக்குள் பதிவேற்ற வேண்டியது."

இதைப் போல என்றால் எப்படி என்று துறைக்குச் சந்தேகமே வரவில்லை. பனியன் ஊரில் மாதிரி என்றால் ஒரே அர்த்தம்தான். காலர் கால் அங்குலம் கூடினாலும் சரக்கு திரும்பி வரும்.

வகுப்பில் சிவபிரகாஷ் என்று ஒருவன். சின்னத்தாய் வேலை பார்க்கும் கம்பெனியே அவன் அப்பாவுடையது. சரிபார்க்க அனுசுயாவிடம் வந்தான்.

"உங்கம்மாவுக்குப் பிளாஸ்திரி எந்தக் கையி? இடதா, வலதா?"

"இடது. எதுக்கு?"

"எங்கம்மாவுக்கும் அதே கையில போடோணுமல்ல."

அவன் அம்மாவுக்கு இரண்டு கார், ஒரு சமையல்காரர். திங்கட்கிழமையிலிருந்து அவளும் தோசையைத் திருப்பிப் பார்த்தாள். அறுபத்தொரு தாய்மாரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் இடது கட்டை விரலில் பிளாஸ்திரி.

திங்கட்கிழமை தீனதயாளன் மறுபடி அனுசுயாவைக் கூப்பிட்டார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"அறுவத்தொண்ணு பேரும் தோசை சுட்டுட்டாங்க. நீ மட்டும் மெழுகுவர்த்தி வெச்சுட்டு உக்காந்திருக்கற. ஏங் கண்ணு இப்படி அடம்?"

"நீங்கதானுங்க சார் மாத்தச் சொன்னீங்க."

"அது போன வார சாம்பிளு. இது இந்த வார சாம்பிளு."

"அந்த சாம்பிள் நான் எழுதினதுங்க சார்."

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னோட சாம்பிளுக்கே உன் பீஸு ஒத்து வரலைன்னா, நான் என்ன பண்றது சொல்லு?"

பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. அன்றைக்கே சிவபிரகாஷிடமிருந்து தன் கட்டுரையை வாங்கி, பார்த்து எழுதினாள். அவளுடையதை மெழுகுவர்த்தி ஏற்றியபோதே அழித்திருந்தாள். அவன் பிரதியில் எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. மாதிரி கெட்டுவிடக் கூடாதென்று அதையும் சேர்த்தே எழுதினாள்.

நூறு சதவீதம். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அறுபத்திரண்டு பேருக்கும் 'சொந்தப் படைப்பாற்றல்' சான்றிதழ் வந்தது. சட்டமிட்டு.

சனிக்கிழமை மாலை சான்றிதழை அம்மாவிடம் காட்டினாள். சின்னத்தாய் அதை வாங்கி, வழக்கம்போலத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். விஷயம் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப அறுவத்திரண்டு பேருக்கும் நாந்தான் ஆத்தாளா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஷிப்மெண்டு நிக்குது, பிசிறு வெட்ட ஆளில்ல. எம்புள்ளைகள்ல நாலு பேர வரச் சொல்லு."

அனுசுயா வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டாள். "என் அம்மாவுக்கு நாளைக்கு உதவிக்கு ஆள் வேண்டும்."

மறுநாள் காலை டேபிளுக்கு ஒருத்தரும் வரவில்லை. காலாடும் ஸ்டூலில் அனுசுயாதான் உட்கார்ந்தாள். டீ நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். அறுபத்தொரு பேரும் பதில் போட்டிருந்தார்கள், ஒரே மாதிரி. தூக்கிய கட்டை விரல்.

மருதாள் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசி வரை செக் பண்ணினாள்.

"ஒண்ணுலயும் பிளாஸ்திரி இல்லியே கண்ணு," என்றாள்.