சுவர் சொன்ன நாடகங்கள்

"தம்பி, அடையாளச் சிக்கலைப் பேசற நாடகமா ஒண்ணு சொல்லுங்க. சமூகப் பிரச்சினையும் இருக்கணும்," என்று கவுன்டர் ஓட்டைக்குள் முகத்தை நுழைத்துக் கேட்டார் பேராசிரியை.

டிக்கெட்காரருக்குத் தெரிந்த ஒரே அடையாளச் சிக்கல், வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளாகியும் தனக்கு அடையாள அட்டை தராததுதான். இன்னும் தற்காலிகம். இந்த மாதக் கடைசிக்குள் நிரந்தரமாகாவிட்டால், மனைவியின் அண்ணன் நடத்தும் சிமெண்ட் கடையில் போய் உட்கார வேண்டும். மச்சான் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பார். கூடவே புத்திமதியும் கொடுப்பார்.

பாவம், நாடக அரங்கில் வேலை பார்க்கிறார் என்றுதான் பேர், ஒரு நாடகம்கூட அவர் பார்த்ததில்லை. ஆட்டம் முடியும்வரை கவுன்டரை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே சட்டம். போஸ்டரைப் பார்த்துச் சொல்லலாமென்றால், ஒரு நாற்காலியும் அதன் நிழலும்தான் இருக்கும். இந்தக் காலத்து நாடகத்துக்கு அது போதுமாம்.

ஆனால் சுவர் இருந்தது. மராமத்து வேலைக்காகக் கவுன்டரை வாசலிலிருந்து தாழ்வாரத்தின் கோடிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்கள் மங்கலாகக் கேட்கும். நேற்றுக் கேட்ட நீண்ட முனகல் அவருக்கு ஞாபகம் வந்தது.

"இப்ப ஓடுறதையே பாருங்க மேடம். உள்ளுக்குள்ள ஒரு வலி. வெளியே சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல," என்று அடித்துவிட்டார்.

அதோடு தொலைந்தது என்று நினைத்தார். எங்கே தொலைந்தது? மறுநாளே பேராசிரியை சக ஆசிரியைகளோடு வந்து நின்றார். அந்த வலியை அணு அணுவாக அனுபவித்தாராம். அடுத்து, மாணவிகளுக்குப் பெண்ணுரிமை பற்றி ஒன்று வேண்டுமாம்.

போன செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின்போது ஒரு கனத்த குரல், "பயப்படாதீங்க, வாயைத் திறங்க," என்று திரும்பத் திரும்பக் கெஞ்சியதை டிக்கெட்காரர் கேட்டிருந்தார். பேச விடாமல் அடக்கப்பட்ட பெண்ணின் கதை என்று அடுத்த செவ்வாய்க்கிழமைக்கே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மாணவிகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. அவர் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, வாராவாரம் டிக்கெட்காரரின் பரிந்துரையை எழுதச் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் நாடகம் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். டிக்கெட்காரர் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து, சுவரில் வைத்துக் காதைப் பொருத்திக்கொண்டார். இப்போது இன்னும் துல்லியமாகக் கேட்டது. வண்டு குடைவது மாதிரி ஓர் இசை. "என்னை விட்டுடுங்க!" என்று ஓர் ஆணின் அலறல். பிறகு மயான அமைதி.

'அதிகாரத்தின் பிடியில் ஓர் எளிய மனிதன்' என்று பலகையில் எழுதினார். கூட்டம் அலைமோதியது.

மேனேஜர் பூரித்துப் போனார். "வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் நீங்க மேடையில இயக்குநரோட பேசறீங்க. நிர்வாகக் குழு வருது. நல்லாப் பேசினா அங்கேயே ஆர்டர் உங்க கையில. சொதப்பினா என்னைக் கேக்காதீங்க."

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார் டிக்கெட்காரர். அப்படியானால் நல்ல மைக்காக வைத்துவிடலாம் என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மனைவி. பக்கத்தில் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு, சிமெண்ட் கடையைக் கூடவே கொண்டுவந்தவர் போல உட்கார்ந்திருந்தார். டிக்கெட்காரர் மைக்கைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் வரும் அந்த அலறலைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தார்.

இயக்குநர் அவரையே வெறித்துப் பார்த்தார்.

"சார், என் நாடகத்துல ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் யாரும் வாயே திறக்க மாட்டாங்க. ஒரு சத்தம் கிடையாது."

மச்சான் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது. அவ்வளவுதான், நாளையிலிருந்து சிமெண்ட் மூட்டைதான் என்று டிக்கெட்காரர் முடிவே கட்டிவிட்டார்.

இயக்குநரின் கண்கள் கலங்கின. "அந்த அலறலை நான் நடிகர்கள்கிட்டகூடச் சொல்லல. மனசுக்குள்ளேயே வெச்சிருந்தேன். உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

டிக்கெட்காரர் உண்மையைச் சொன்னார்.

"தெளிவாவே கேட்டுச்சுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நிர்வாகக் குழு எழுந்து நின்றது. எதற்கென்றே தெரியாமல் மச்சானும் எழுந்து தட்டினார். மேடையிலேயே ஆர்டர் கைக்கு வந்தது, அடையாள அட்டையும் வந்தது.

மறுநாள் மாலை, அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டிக்கெட்காரர் கவுன்டரில் காலை நீட்டி உட்கார்ந்தார். அப்பாடா! இனி சிமெண்டும் இல்லை, புத்திமதியும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். உள்ளே யாரோ உருக்கமாக முனகினார்கள்.

வெள்ளைச் சீருடை போட்ட ஒரு நர்ஸ் கவுன்டர் முன்னால் வந்து தயங்கி நின்றாள். எந்த நாடகம் வேண்டும் என்று அவர் கேட்டார். டிக்கெட் வேண்டாம் என்று தலையாட்டியவள், பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"டாக்டர் இந்தப் பல்லு பிரஷ்ஷைக் குடுத்து நன்றி சொல்லச் சொன்னாருங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்க கிளினிக்தான். எங்ககிட்டப் பல்லு புடுங்க வர்றவங்க போடுற சத்தத்தை இத்தனை நாளாப் பொறுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை புகார் சொல்லலியே நீங்க!"