உள்ளே இருப்பது

"கத்தரிக்கோல்தானே தம்பி? குண்டா வச்சிருக்கேன்?"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் தபால் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கவுண்டரில் இருந்த கண்ணாடிக்காரர் மட்டும் அசரவில்லை. துணியில் சுற்றிய பொட்டலத்தை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார்.

"கூரான பொருளை இப்படி அனுப்பக் கூடாதும்மா. குத்திக்கிட்டு வெளிய வந்தா யார் கை போகும்? முனைக்கு உறை போட்டு, கெட்டியான பெட்டியில வச்சுக் கொண்டாங்க."

"பெட்டிக்கு நான் எங்க போவேன்?"

"அது சட்டத்துல இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அது திங்கட்கிழமை. சனிக்கிழமை அவள் தங்கை வெளியூரில் சொந்தமாகத் தையல்கடை திறக்கிறாள். தங்கை சொல்லித் தெரியவில்லை. அவள்தான் ஆறு வருஷமாகப் பேசுவதே இல்லையே! பொத்தான் விற்கிறவர் சொல்லித் தெரிந்தது.

எல்லாம் இந்தக் கத்தரிக்கோலால் வந்த வினை. அம்மா போனபிறகு சாமான்களைப் பிரித்தபோது, பிடியில் கறுப்புத் துணி சுற்றிய அம்மாவின் கத்தரிக்கோலை இவள் எடுத்து வைத்துக்கொண்டு, "மூத்தவளுக்குத்தான்" என்றுவிட்டாள். தங்கை அன்று சாயங்காலம் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மறுநாள் பஸ் ஏறிப் போனவள் போனவள்தான்.

அப்படிப் பிடுங்கிக்கொண்டதில் இவளுக்கு என்ன சுகம் கிடைத்தது? அம்மா கையில் வழுக்கிக்கொண்டு ஓடிய கத்தரிக்கோல், இவள் கையில் மாதாமாதம் சாணைக்கு அழுதது. அம்மாவின் கைராசி நமக்கு இல்லை என்று விட்டுவிட்டாள். சரி, தங்கச்சியாவது வைத்துக்கொள்ளட்டும். விட்டுக்கொடுப்பது இவள் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம். சனிக்கிழமைக்குள் இது போய்ச் சேராவிட்டால் இன்னொரு தடவை இந்த மனசு வராது என்று அவளுக்கே தெரியும்.

"பேசாம ஒரு போன் பண்ணேன்" என்றார் பெயின்டர் வேலை பார்க்கும் அவள் கணவர்.

"அவ எடுக்க மாட்டா. எடுத்தாலும் நான் பேச மாட்டேன். ஒரு பெட்டி குடுங்க."

கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீப்பற்றும் திரவம்னு போட்டிருக்கே? நெருப்புப் படம் வேற."

"பெட்டி மேலதானே போட்டிருக்கு? கத்தரிக்கோல் மேலயா போட்டிருக்கு?"

"ரயில்ல ஏத்தறவருக்கு அது எப்படித் தெரியும்? பழைய எழுத்து, படம் ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது."

கவுண்டரில் கட்டியிருந்த பேனாவை இழுத்து, அந்தப் படத்தைக் கிறுக்கி அழித்தாள். நெருப்புக்கு இப்போது புகையும் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து பையை மேஜைமேல் போட்டார். பகுதிக்குப் புதியவர். "ஒரு பார்சலைத் தூக்கிக்கிட்டு, பூட்டின வீட்டுக்கு எத்தனை தடவைதான் மாடி ஏறுவேன் சார்!"

"பாருங்க!" என்று பிடித்துக்கொண்டாள் தையல்காரம்மா. "வாங்க ஆள் இல்லாத பார்சலெல்லாம் ஜம்முனு ஊர் சுத்துது. என்னோடது மட்டும் போகக் கூடாது!"

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தாள். பெட்டிக்கு வெள்ளைத் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள், இரட்டைத் தையலோடு. எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது.

"என்னம்மா, கசியுது?"

துரு ஏறக் கூடாதே என்று மெஷின் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தாள்.

"கசியற பார்சல் கூடவே கூடாது. பக்கத்துல இருக்கிற தபாலெல்லாம் நாசமாயிடும். பிரிச்சுத் துடைச்சுக் கொண்டாங்க."

"சரி, பிரிக்கிறேன். கத்தரிக்கோல் குடுங்க."

"தையல் வேலை பாக்கறீங்க, உங்ககிட்ட இல்லையா?"

"உள்ள இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் நீட்டிய அலுவலகக் கத்தரிக்கோல் காகிதத்தையே கெஞ்சித்தான் வெட்டும்.

"ஒரு மணிக்குப் பை கட்டிடுவோம்மா. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு அனுப்பினா சனிக்கிழமை போய்ச் சேருமா?"

"சேராது."

"அப்ப நான் நகர மாட்டேன். நாலு சட்டம் சொல்லுங்க, நாற்பது சொல்லுங்க. இது இன்னிக்குப் போகும்!"

பெஞ்சில் உட்கார்ந்தாள். தான் போட்ட இரட்டைத் தையலைத் தானே பல்லால் கடித்துப் பிரித்தாள். எண்ணெயைக் கைக்குட்டையால் துடைத்தாள். கண்ணாடிக்காரர் சத்தமில்லாமல் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவி நீட்டினார்.

"இது சட்டத்துல இருக்கா?"

"வச்சுக்கங்கம்மா."

கத்தரிக்கோலைக் கவரில் போட்டுப் பெட்டியை மூடினாள். ஊசியும் நூலும் தையல்காரி பையில் இல்லாமல் போகுமா? பத்தே நிமிஷத்தில் மறுபடி தைத்து முடித்தாள்.

"'உள்ளே இருப்பது'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை நிரப்பலையே."

"இரும்புச் சாமான்னு போட்டுக்கங்க."

"உள்ள என்னவோ அதைத்தான் எழுதணும். அதுவும் உங்க கையால."

எல்லாச் சட்டத்தையும்விட இதுதான் கொடுமையாக இருந்தது. ஆறு வருஷமாக 'என்னோடது' என்றே சொல்லி வந்த பொருள். பேனாவை வெடுக்கென்று இழுத்தாள். பிறகு, 'அம்மாவின் கத்தரிக்கோல். இனிமேல் உன்னுடையது' என்று எழுதினாள். அழுகை வந்தது. கண்ணாடிக்காரர்மேல் வந்த ஆத்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டொம்மென்று முத்திரை விழுந்தது. அவர் ரசீதுக்காக விலாசத்தை உரக்கப் படித்தார். "அனுப்புவது, மாடி வீட்டுத் தையல்கடை, தண்ணீர்த் தொட்டித் தெரு..."

மேஜையருகே பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த தபால்காரர் சட்டென்று திரும்பினார்.

"அந்த மாடி வீடு நீங்கதானா! மூணு நாளா ஏறி எறங்கறேன், கதவு பூட்டியே கிடக்கு. இந்தாங்க, உங்களுக்குத்தான். தங்கச்சியாம், அனுப்பியிருக்காங்க."

கெட்டியான பெட்டி. மேலே ஒரு படம் இல்லை, கசிவு இல்லை, ஓரமெல்லாம் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. கண்ணாடிக்காரர்கூட எட்டிப் பார்த்து, "இப்படியில்ல கட்டணும்!" என்றார்.

தையல்காரம்மா கை நீட்டி வாங்கவில்லை. "பேசவே மாட்டாளே... என்னத்த அனுப்பியிருக்கா?"

தபால்காரர் பெட்டியைத் திருப்பி, கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்:

"'உள்ளே இருப்பது: அம்மாவின் கத்தரிக்கோல். உன்கிட்ட இருக்கறது, அன்னிக்குச் சாயங்காலம் நான் கடையில வாங்கி மாத்தி வச்சது அக்கா.'"