கடலுக்குக் காய்ச்சல் பார்த்த பவுடர் சேர்

பவுடர் சேர் போதைத்தூள் அரைக்கிறார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், சிறைக்குப் போகும்போது எந்தச் சாரத்தை உடுத்துவது என்றும் யோசித்து வைத்தேன். கல்முனையில் எத்தனையோ விசித்திரப் பிறவிகளைக் கண்டவன் நான். ஆனால் கடலுக்குக் காய்ச்சல் பார்த்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

திருக்கோவில்காரர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி; படித்தவர் என்பதால் ஊருக்கே ‘சேர்’. என் மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தார். கடையில் பிளேன்டீ வந்தால் வெப்பமானியை விட்டுப் பார்த்த பிறகுதான் குடிப்பார். பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியிலும் விட்டார். தண்ணீருக்குத்தான் சுகமில்லையாக்கும் என்று, தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒழுச் செய்ய வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அறைக்குள் எந்நேரமும் பல் டொக்டரின் மெஷின்போல ‘கிர்ர்ர்’. மேசை முழுக்கச் சின்னக் குப்பிகள். குப்பிகளுக்குள் வெள்ளைத் தூள். ஒருநாள் வேர்க்கிறதே என்று மின்விசிறியைப் போடப் போனேன். அண்ணன் முறையில் என்னைக் ‘காக்கா’ என்பவர் அலறினார்.

“காக்கா, ஃபேனைப் போட்டிராதீங்க! ரெண்டு வருசம் பறந்திரும்!”

ரெண்டு வருசமா? இந்தத் தூளுக்கு ஆயுள் தண்டனையல்லவா என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

இந்த லட்சணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வாழ வருவார். ஆகவே பெண்ணை ஒரு பார்வை, வீட்டைப் பத்துப் பார்வை. வருகிறவர்களில் மாப்பிள்ளையின் மாமா பொலிஸ் சார்ஜன்ட்.

“இஞ்சாருங்க, அந்த மனிசனை எங்கயாச்சும் அனுப்புங்க. புள்ளட வாழ்க்கை போயிரும்” என்றாள் மனைவி.

போய்க் கேட்டேன். “ஏலாது காக்கா, இண்டைக்கு ஒரு மாரிகாலத்தை அரைச்சு முடிக்கணும்” என்றார். வேறு வழி தெரியாமல் கதவை வெளியே பூட்டினேன்.

விருந்தினர் வட்டிலப்ப இனிப்பில் கை வைத்தார்கள். ‘கிர்ர்ர்’.

“என்ன சத்தம் அது?” என்றார் சார்ஜன்ட்.

“ப... பல் டொக்டர்.”

“நல்லாப் போச்சு, எனக்கும் கடவாப்பல்லு கொதிக்கி.” எழுந்து போனவர் பூட்டைப் பார்த்தார். “டொக்டரை என்னத்துக்குப் பூட்டி வெச்சிரிக்கீங்க?”

திறந்தேன். தலை முதல் கால் வரை மாவில் புரண்டவர்போலச் சேர் நின்றார்.

“எனக்கு ஒண்டும் தெரியா! நான் வாடகை மட்டும்தான்!” என்று இரண்டு கைகளையும் நீட்டினேன், விலங்கு மாட்ட வசதியாக.

சேர் எதையும் கவனிக்காமல், குழல்பிட்டுப் போன்ற ஒரு துண்டைச் சார்ஜன்ட்டிடம் கொடுத்தார். “முருகைக்கல்லு சேர், பவளப்பாறை. எடுக்கப் பர்மிட் இரிக்கி.” பிறகு அதன் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்தார். “வருசத்துக்கு ஒரு கோடு. கல்லு வளரக்குள்ள கடல்லருந்து கல்சியத்தோட கொஞ்சம் ஸ்ட்ரொன்சியமும் எடுக்கும். தண்ணி குளிரெண்டா கூட, சூடெண்டா குறைய. தூளைச் சோதிச்சா அந்த மாசம் கடல் எவ்வளவு சூடெண்டு தெரியும்.”

சார்ஜன்ட் படத்தை உற்றுப் பார்த்தார். “நான் கல்யாணம் முடிச்ச வருசத்தைக் காட்டுங்க பாப்பம்.”

எந்த வருசம் என்று கேட்டுக்கொண்டு, சேர் கோடுகளை எண்ணி ஓரிடத்தில் விரலை வைத்தார். “அந்த வருசம் நல்ல சூடு.”

“கல்லு பொய் சொல்லாது!” என்று சார்ஜன்ட் வெடித்துச் சிரிக்க, நானும் சிரித்தேன்.

“அங்க என்ன சிரிப்பு?” என்று அவர் மனைவியின் குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு மெல்லிய கோட்டைக் காட்டினார். “இதில சூடு தாங்காம வளர்ச்சி நிண்டமாதிரி. எல்லாரும் செத்துப்போச்செண்டுதான் நினைச்சம். அடுத்ததைப் பாருங்க, திரும்ப எழும்பிட்டு.” பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். சார்ஜன்ட் அந்தக் கோட்டை விரலால் மெதுவாகத் தடவினார். நானும் தடவினேன்.

சம்பந்தம் சரிவந்தது. மருமகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: முன்னறையில் சேர் இருக்கட்டும். ஓம் என்றார். சேர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.