கசசாகி விடுதியின் இணைய முகவரி இடம்பெயர்ந்த விதம்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அது கடைசியில்தான் இருக்கிறது, இப்போதே கேட்டால் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. முதலில் படிவம், அப்புறம் முத்திரை, அப்புறம் சரிபார்ப்பு. எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் மட்டும் என்ன உசத்தியா?

தொத்தொரி மலையடிவாரத்தில் கசசாகி என்றொரு வெந்நீரூற்று விடுதி. அதை நடத்துபவள் என் அம்மா தொகாஷி மினெகோ. விடுதியின் இணைய முகவரியைப் பதினைந்து வருடங்களாகக் கட்டிக்காத்த பதிவு நிறுவனம், அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு கடையைச் சாத்துவதாக ஆழ்ந்த மனவேதனையுடன் கடிதம் போட்டது. அதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளாத முகவரிகள் காலாவதியாகும். நவம்பர் ஆறாம் தேதி, விருந்தாளிகள் நண்டு சாப்பிட வரும் பருவம் ஆரம்பம். எங்கள் குளிர்காலப் பிழைப்பு முழுக்க அந்த முகவரி வழியாகத்தான் முன்பதிவாகிறது. முகவரி போனால் விருந்தாளி போச்சு, நண்டும் போச்சு.

"ரின்கா, நீயே பாத்து முடிச்சுடு," என்றாள் அம்மா. "மரியாதையாப் பேசணும். குரல மாத்தி விளையாடற வேலையெல்லாம் அங்க வச்சுக்காத."

"சரிம்மா," என்றேன். இந்தக் கதையில் நான் சொந்தக் குரலில் பேசிய மிகச் சில இடங்களில் அது ஒன்று.

பதிவு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். தொலைபேசியை எடுத்தவர் பெயர் குசுமொதோ. "தங்கள் அழைப்பால் எங்கள் நிறுவனம் பெருமையடைகிறது. முகவரிய வேற கம்பெனிக்கு மாத்தற குறியீடு வேணும்னா உரிமையாளர்தான் கேக்கணும். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார், கூப்பிடறேன்."

ஐந்து வரை எண்ணினேன். "மினெகோ பேசறேன்," என்றேன்.

"நீங்கதான் மினெகோங்கறதுக்குச் சாட்சி யாராவது உண்டா மேடம்?"

"பக்கத்துல எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

அப்பா குரல் சுலபம். "ம்," என்றேன்.

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க சார். நன்றி."

அன்று மாலையே ஃபேக்ஸில் படிவம் வந்தது. தலைப்பு: காகிதமில்லா அலுவலக இயக்கம். நாங்கள் காகிதம் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியை மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தி, ஃபேக்ஸிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். மறுநாள் குசுமொதோ கூப்பிட்டார்.

"மேடம், உங்க முத்திரை நேரா நிக்குது."

"நேராத்தானே நிக்கணும்?" என்றேன் அம்மாவாக.

"எங்க ஆபீஸ்ல கீழ இருக்கறவங்க முத்திரை, மேல இருக்கறவர் முத்திரைப் பக்கமா லேசா சாயும். குனிஞ்சு வணங்கற மாதிரி. நீங்களோ எங்கள விட்டுட்டுப் போறீங்க. இப்படி நிமிந்து நிக்கறதப் பாத்து மேலாளர் மதியம் சாப்பிடவே இல்ல."

"எத்தன டிகிரி சாயணும் சார்?"

"அது உங்க வருத்தத்தப் பொறுத்தது மேடம்."

கோணமானியை வைத்து அளந்து, நாற்பது டிகிரியில் குத்தி அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது.

"இவ்வளவு சாஞ்சா, எங்களப் பிரிய மனசில்லன்னு அர்த்தம். விண்ணப்பத்த நீங்களே வாபஸ் வாங்கிட்டதாப் பதிவு பண்ணிட்டோம். உங்க பாசத்துக்கு மேலாளர் கண் கலங்கிட்டார்."

மறுபடி படிவம், மறுபடி உறுதிமொழி, இந்தத் தடவை பதினைந்து டிகிரி. ஏற்றுக்கொள்ளப்பட்டது. முப்பதாம் தேதி குசுமொதோ உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"நல்ல செய்தி மேடம். இன்னிக்குக் காலையிலேர்ந்து முத்திரைய ஒழிச்சாச்சு. நவீனமயம்."

"நாளைக்கு மூடப் போற கம்பெனிக்கு எதுக்கு சார் நவீனமயம்?"

"பழைய பஞ்சாங்கமாச் சாகக் கூடாதுன்னு மேலிடம் நெனைக்குது. இனிமே குரல்தான் முத்திரை. உங்க பேச்செல்லாம் முதல் நாள்லேர்ந்து பதிவாயிருக்கு. நாளைக்குக் கூப்பிடுவோம். நீங்க பேசினாப் போதும், கம்ப்யூட்டர் ஒப்பிட்டுக் குறியீடு தந்துடும்."

முப்பத்தொன்றாம் தேதி. பள்ளியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் காலணியைக் கழற்றும்போது மணி அடித்தது. நான்கு ஐம்பது. அம்மா முந்திக்கொண்டாள். கையெல்லாம் ஊறுகாய் ஊறப்போடும் தவிடு என்பதால் முழங்கையாலேயே தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"தொகாஷி மேடம் பேசணும்," என்றார் குசுமொதோ.

"நான்தான் பேசறேன்."

கம்ப்யூட்டர் ஏதோ முனகியது. "மன்னிக்கணும், நீங்க மேடம் இல்ல. முப்பத்தொம்பது சதவீதம்தான் பொருந்துது."

"நான் மினெகோதாங்க."

"மேடம் குரல் எனக்குத் தெரியாதா? ஒரு வாரமா தினம் பேசறோம்."

"ஒரு வாரமாவா? உங்ககிட்ட நான் பேசினதே இல்லயே."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க. ஆள்மாறாட்டம் குத்தம்ங்க. மேடம் எடுத்ததும் ரெண்டு தடவ தொண்டையக் கனைப்பாங்க. 'அதானே பாத்தேன்'னு மூக்கால இழுப்பாங்க. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ முதுகு வலின்னுவாங்க. உங்ககிட்ட அந்த லட்சணம் ஒண்ணுமே இல்ல. சீக்கிரம் கூப்பிடுங்க, அஞ்சு மணிக்கு எங்க ஆபீஸே இருக்காது."

நான் கூரையில் உள்ள மரச்சட்டங்களை எண்ண ஆரம்பித்தேன். நான்கு ஐம்பத்தெட்டு.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். தொண்டையை ஒருமுறை கனைத்தாள். இன்னொரு முறையும் கனைத்தாள்.

"அதானே பாத்தேன்," என்றாள், மூக்கால்.

"தொண்ணூத்தெட்டு," என்றார் குசுமொதோ, உருகிப்போய். "வந்துட்டீங்களா மேடம். இவ்வளவு நேரம் யாரோ உங்கள மாதிரியே பேசப் பாத்தாங்க. சுத்தமாப் பொருந்தல. குறியீட்ட எழுதிக்கோங்க."

அம்மா என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கீழே கிடந்த பேனாவுக்குக் குனிந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, முதுகு வலி உயிர் போகுது."

"நூறு சதவீதம், மேடம்," என்றார் குசுமொதோ.